ஓடியதற்குச் சான்று: வாக்ஸ் கணினியும் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளமும்

1977 அக்டோபர் 25 அன்று அமெரிக்காவின் டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன், துறையினர் சுருக்கமாக ‘டெக்’ என்றழைத்த நிறுவனம், வாக்ஸ்-11/780 என்னும் கணினியை அறிமுகப்படுத்தியது. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் மேனார்டு ஊரில் பழைய கம்பளி ஆலை ஒன்றில் குடியேறி வளர்ந்த அந்நிறுவனம் அதற்கு முன் விற்றுவந்த பிடிபி-11 கணினிகள் 16 பிட் முகவரிகளைக் கொண்டவை. ஆகவே அவற்றில் ஒரு நிரல் ஒரே சமயத்தில் எட்டக்கூடிய நினைவக வெளி 64 கிலோபைட் அளவிலேயே நின்றுவிட்டது. வாக்ஸ் அந்த முகவரியை 32 பிட்டாக நீட்டியதோடு மெய்நிகர் நினைவகத்தையும் கொண்டிருந்தது. அதாவது உண்மையில் பொருத்தப்பட்டிருக்கும் நினைவகத்தைவிடப் பெரிய வெளி தனக்கு இருப்பதாகவே நிரல் கருதிக்கொள்ள, அப்போதைக்குத் தேவைப்படாத பகுதிகளை வட்டுக்கு அனுப்பியும் தேவைப்படும்போது மீட்டும் கணினியே பார்த்துக்கொண்டது. 5 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் இயங்கிய அந்த இயந்திரத்தின் திறன், பின்னாளில் பிற கணினிகளின் வேகத்தை அளக்கும் அலகாகவே ஆனது; ஒரு கணினி ‘இத்தனை வாக்ஸ்’ என்று சொல்லி விற்ற காலமும் உண்டு.

போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் மூதாதை இதற்குச் சற்று முந்தியது. தரவுகளைக் கிடைவரிசைகளும் நெடுவரிசைகளும் கொண்ட அட்டவணைகளாகப் பார்க்கும் உறவுசார் மாதிரியை ஐபிஎம் நிறுவனத்தின் எட்கர் காட் 1970-இல் ஒரு கட்டுரையில் முன்வைத்தார். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கரும் யூஜின் வாங்கும் 1973-இல் தொடங்கிய இங்கிரெஸ் திட்டம், அந்தக் கருத்தைப் பிடிபி-11 கணினியில், யூனிக்ஸ் இயங்குதளத்தின் மேல் நடைமுறைப்படுத்திக் காட்டியது. 64 கிலோபைட்டுக்குள் அடங்காத அந்த நிரலைப் பல செயல்முறைகளாகத் துண்டுபோட்டு, ஒன்றின் விளைவை மற்றொன்றுக்குக் குழாய்வழி கடத்தி ஓட்ட வேண்டியிருந்தது. எனவே வாக்ஸின் வருகை தரவுத்தளம் எழுதுவோருக்கு வெறும் வேகக் கூடுதலாக மட்டும் அமையவில்லை. இட நெருக்கடியிலிருந்து கிடைத்த விடுதலையாகவும் அமைந்தது. அதே பெர்க்லியில் ஓசால்ப் பாபாவொலுவும் பில் ஜாயும் வாக்ஸின் மெய்நிகர் நினைவகத்தை யூனிக்ஸுக்குள் கொண்டுவர, அது 1979 இறுதியில், பெர்க்லியின் யூனிக்ஸ் வடிவமான பிஎஸ்டியின் மூன்றாம் பதிப்பாக வெளிவந்தது. இங்கிரெஸை வணிகப் பொருளாக்க 1980-இல் ஸ்டோன்பிரேக்கர் முதலியோர் தொடங்கிய நிறுவனம் முதலில் குறிவைத்ததும் வாக்ஸைத்தான். தரவுத்தளம், இயங்குதளம், கணினி மூன்றும் ஒரே வளாகத்தில் ஒன்றையொன்று பார்த்து வளர்ந்த காலம் அது.

போஸ்ட்கிரெஸ் என்பது இங்கிரெஸுக்குப் பிந்தையது என்ற கருத்தில் இடப்பட்ட பெயர். 1986-இல் தொடங்கிய அத்திட்டத்தின் முதல் பதிப்பு 1989 ஜூனில் சில வெளிப்பயனர்களுக்குக் கொடுக்கப்பட்டது, 4.2 பதிப்போடு பல்கலைக்கழகம் அதை முடித்துக்கொண்டது. ஆண்ட்ரூ யூ, ஜாலி சென் என்னும் இரு மாணவர்கள் 1994-இல் அதற்குத் தரவுத்தள வினவல் மொழியான எஸ்கியூஎல்லைப் புரிந்துகொள்ளும் பகுதியைச் சேர்த்து, பின்னர் போஸ்ட்கிரெஸ்95 என்று வெளியிட்டனர். 1996-இல் அதன் பராமரிப்பு இணையத்தின் வழியே இணைந்த தன்னார்வலர் குழுவொன்றின் கைக்கு மாறியது; பெயரும் போஸ்ட்கிரெஸ்-எஸ்கியூஎல் என்றானது. மூல நிரலை எவரும் எடுத்துப் படிக்கலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம் என்ற தாராளமான உரிமத்தின் கீழ் அது அன்றுமுதல் வெளிவருகிறது. ஆனால் அது இவ்வாறு திறமூல மென்பொருளாக முழுவடிவம் பெற்ற நேரத்தில் வாக்ஸின் பொழுது சாய்ந்துவிட்டிருந்தது. டெக் நிறுவனமே 1992-இல் ஆல்ஃபா என்னும் 64 பிட் செயலியை அறிவித்து வாக்ஸுக்கு வாரிசு காட்டிவிட்டது; 1998-இல் காம்பாக் நிறுவனம் டெக்கை வாங்கியபின் வாக்ஸ் உற்பத்தியும் சிறிது காலத்தில் நின்றது.

விற்பனை நின்ற கணினியில் புதிய தரவுத்தளத்தை யார் ஓட்டுவார்கள் என்ற கேள்விக்கு விடை நெட்பிஎஸ்டி இயங்குதளத்தில் இருக்கிறது. பெர்க்லி யூனிக்ஸின் வழித்தோன்றலாக 1993-இல் உருவான அது, எந்த வன்பொருளில் வேண்டுமானாலும் ஒரே மூல நிரல் ஓட வேண்டும் என்பதைக் கொள்கையாகவே கொண்டது. அதன் வாக்ஸ் வடிவத்தை 1994 முதல் வளர்த்தெடுத்தவர் சுவீடன் நாட்டு நிரலாளர் ஒருவர். அப்போது பல்கலைக்கழகங்களும் அலுவலகங்களும் வாக்ஸ்களைக் கழித்துக்கட்டிக் கொண்டிருந்தன. குப்பைக்குப் போகவிருந்த மைக்ரோவாக்ஸ், வாக்ஸ்டேஷன் ஆகிய சிறிய வாக்ஸ் வகைகள் ஆர்வலர்களின் வீட்டுக் கிடங்குகளுக்கு வந்து சேர்ந்தன. அவற்றுக்கு இயங்குதளம் கிடைத்ததும் அதன்மேல் ஓட்டுவதற்கு நிரல்கள் வேண்டியிருந்தன. கனமான, நினைவகத்தையும் வட்டையும் ஒருசேரப் பிழிந்து வேலை வாங்கும் மென்பொருள் ஒன்று ஓடினால் இயங்குதளம் சரியாக இருக்கிறது என்பது உறுதிப்படும் என்பதால், தரவுத்தளம் அங்கே ஓர் உரைகல்லாகவும் பயன்பட்டது.

சி மொழியில் எழுதப்பட்ட நிரல், அந்தந்தக் கணினியின் தொகுப்பி வழியே அந்தந்தச் செயலியின் கட்டளைகளாக மாறிவிடும் என்பதுதான் இடமாற்றத்துக்கான அடிப்படை. தொகுப்பி என்பது மனிதர் எழுதிய மூல நிரலைச் செயலி நேரடியாக நிறைவேற்றும் கட்டளைகளாக மொழிபெயர்க்கும் கருவி. போஸ்ட்கிரெஸின் நிரலில் மிகப் பெரும்பகுதி இவ்வாறு எந்தத் தடையுமின்றிக் கடந்து போகக்கூடியதே. ஆனால் தொகுப்பியால் மட்டும் தீர்க்க முடியாத இடங்கள் சில உண்டு. அவற்றுள் முதலாவது பூட்டு. போஸ்ட்கிரெஸ் தன்னுடன் இணையும் ஒவ்வொரு பயனருக்கும் தனிச் செயல்முறை ஒன்றைத் தோற்றுவிக்கிறது. அச்செயல்முறைகள் அனைத்தும் நினைவகத்தின் பொதுவான ஒரு பகுதியைப் பகிர்ந்துகொள்கின்றன. இரண்டு செயல்முறைகள் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் எழுதினால் தரவு குலைந்துவிடும் என்பதால், எழுதுமுன் ஒரு பிட்டைப் பார்த்து, அது 0 என்றால் 1 ஆக்கி, பூட்டைத் தன்வசப்படுத்திக்கொள்ள வேண்டும். பார்ப்பதும் மாற்றுவதும் இரண்டு தனித்தனிக் கட்டளைகளாக இருந்தால் இடையில் மற்றொரு செயல்முறை புகுந்துவிடலாம். ஆகவே அவ்விரண்டையும் பிரிக்க முடியாத ஒரே செயலாகச் செய்துமுடிக்கும் கட்டளை செயலியிடமே இருக்க வேண்டும். அக்காலத்து சி மொழியில் அதைச் சொல்வதற்குச் சொல் கிடையாது.

இதனால் போஸ்ட்கிரெஸின் மூல நிரலில் பூட்டுகளுக்கென்றே ஒரு கோப்பு, ஒவ்வொரு செயலிக்கும் அதன் சொந்தக் கட்டளை மொழியில் எழுதிய சில வரிகளைத் தாங்கி நின்றது. வாக்ஸுக்கான பகுதி மொத்தம் மூன்று கட்டளைகள்தான். முதற்கட்டளை விடைக்கான இடத்தில் 1 என்று எழுதுகிறது. இரண்டாவது, பிபிஎஸ்எஸ்ஐ என்னும் வாக்ஸ் கட்டளை. குறித்த பிட் ஏற்கனவே 1 ஆக இருந்தால் வேறிடத்துக்குத் தாவும், தாவினாலும் தாவாவிட்டாலும் அந்தப் பிட்டை 1 ஆக்கிவிடும், இதற்கிடையில் வேறு எந்தச் செயலியையும் அந்த நினைவகத்தைத் தொடவிடாது. தாவவில்லையென்றால் மூன்றாம் கட்டளை விடையை 0 ஆக்குகிறது. பூட்டு கிடைத்தது என்று அதற்குப் பொருள். இந்தப் பகுதியின் தலைப்பில், ஒன்றுக்கு மேற்பட்ட செயலிகள் கொண்ட வாக்ஸ்களிலும் இது வேலை செய்யும் என்ற குறிப்பும் அதை அளித்தவருக்கு நன்றியும் இருந்தன. வாக்ஸின் கட்டளைத் தொகுதி ஆடம்பரத்துக்குப் பேர்போனது, பல்லுறுப்புக்கோவையின் மதிப்பைக் கணக்கிடக்கூட அதில் தனியொரு கட்டளை உண்டு. ஆயினும் பிற்காலத் தரவுத்தளங்கள் பெரிதும் நம்பிய ‘ஒப்பிட்டு மாற்று’ என்னும் கட்டளை, அதாவது ஓரிடத்தில் எதிர்பார்த்த மதிப்பு இருந்தால் மட்டும் புதிய மதிப்பை அங்கே வைக்கும் கட்டளை, அதில் இல்லை. இக்குறை பின்னால்தான் வேலையைக் காட்டியது.

பூட்டைவிட ஆழமான சிக்கல் எண்களில் இருந்தது. மிக நுண்ணிய அளவுகளையும் மிகப்பெரிய அளவுகளையும் ஒரே வகையில் எழுதுவதற்குக் கணினிகள் மிதவைப்புள்ளி எண்களைப் பயன்படுத்துகின்றன: ஒரு குறியீட்டு பிட், ஓர் அடுக்குப் பகுதி, மீதி முழுதும் இலக்கங்கள். வாக்ஸின் ‘டி’ வடிவம் 64 பிட்டில் 8 பிட்டை மட்டும் அடுக்குக்கு ஒதுக்கி எஞ்சியதை இலக்கங்களுக்குக் கொடுத்தது. ஆகவே துல்லியத்தில் அது சிறந்து நின்றாலும், அதில் எழுதத்தக்க மிகப்பெரிய எண் தோராயமாக 10-இன் 38-ஆம் அடுக்கோடு நின்றுவிடும். பின்னர் வந்த பொதுத்தரம், 64 பிட் எண்ணுக்கு 11 பிட் அடுக்கை ஒதுக்கி, 10-இன் 308-ஆம் அடுக்குவரை போகவிட்டது. வாக்ஸிலும் 11 பிட் அடுக்குள்ள ‘ஜி’ வடிவம் உண்டு. ஆனால் திறமூலத் தொகுப்பியான ஜிஎன்யூ தொகுப்பி இயல்பாகத் தேர்ந்தது ‘டி’ வடிவத்தையே. எந்த வடிவமானாலும், முடிவிலியைக் குறிக்கும் மதிப்போ, 0-ஐ 0-ஆல் வகுத்தாற்போன்ற பொருளற்ற கணக்குகளுக்கு விடையாகும் ‘எண்ணல்ல’ என்னும் மதிப்போ வாக்ஸில் கிடையாது. அத்தகைய பிட் அமைப்பு ஒன்று நேர்ந்துவிட்டால் வாக்ஸ் அதை எண்ணாக ஏற்காமல், பிழை என்று கூறி நிரலை அங்கேயே நிறுத்திவிடும்.

இந்த வேறுபாட்டுக்குப் பின்னால் ஒரு தரப் போர் உண்டு. அதன் களமும் பாதி பெர்க்லிதான். அங்கே கணிதப் பேராசிரியராக இருந்த வில்லியம் கஹான், இன்டெல் நிறுவனத்தின் 8087 துணைச்செயலிக்காக வகுத்த எண்கணித முறையை 1970-களின் இறுதியில் பொதுத்தர வரைவாக முன்வைத்தார். சந்தையில் ஏற்கனவே பரவியிருந்த தன் வாக்ஸ் வடிவமே தரமாக வேண்டும் என்று டெக் நிறுவனம் எதிர்த்து நின்றது. மிகச் சிறிய எண்கள் சட்டென்று 0 ஆகிவிடாமல் படிப்படியாகத் துல்லியம் இழந்து தேய்ந்து செல்வதற்குக் கஹானின் வரைவில் இருந்த ஏற்பாடே சண்டையின் மையம். அது வன்பொருளில் வேகமாகச் செய்ய இயலாதது என்பது டெக்கின் வாதம். பெர்க்லி மாணவர் ஒருவர், வாக்ஸுக்குள்ளேயே செருகத்தக்க மாற்றுப் பலகையை வடிவமைத்து, அது இயலும் என்று காட்டினார். அந்த ஏற்பாட்டின் மதிப்பை ஆராயுமாறு டெக் நிறுவனமே அமர்த்திய எண்ணியல் அறிஞர் ஸ்டூவர்ட், 1981-இல் கஹானின் பக்கமே பேசினார். 1985-இல் ஐஇஇஇ 754 என்ற எண்ணோடு தரம் நிறைவேறியது. வாக்ஸ் தோற்றது, ஆனால் விற்கப்பட்ட வாக்ஸ்கள் தங்கள் எண்கணிதத்தை மாற்றிக்கொள்ள வழியில்லை.

போஸ்ட்கிரெஸ் வளர்ந்த ஆண்டுகளில் அத்தரம் உலகெங்கும் பரவிவிட்டதால், அதன் நிரலாளர்கள் எண்ணாமலேயே அத்தரத்தை எண்ணி எழுதலாயினர். அவர்கள் மேல் குற்றம் சொல்வதற்கில்லை. எஸ்கியூஎல் பயனருக்கு முடிவிலியும் ‘எண்ணல்ல’ என்பதும் செல்லத்தக்க மதிப்புகளாக வாக்களிக்கப்பட்டன. தேர்வுக்கென மென்பொருளோடு வரும் சோதனைக் கோப்புகளிலோ 10-இன் 200-ஆம் அடுக்கைக் கொண்ட எண் ஒன்று அட்டவணையில் சேர்க்கப்படுகிறது. ‘டி’ வடிவத்தில் அந்த எண்ணை எழுதவே இடமில்லை. எனவே நிரல் முழுமையாகத் தொகுக்கப்பட்டு, பூட்டுகளும் ஒழுங்காக இயங்கினாலும், எண்களுக்கான சோதனை வாக்ஸில் தேறாது. இயந்திரத்துக்கு இயந்திரம் விடை சற்றே மாறும் என்று தெரிந்திருந்ததால், ஒரே சோதனைக்கு ஒன்றுக்கு மேற்பட்ட விடைத்தாள்களை வைத்துக்கொண்டு, எந்த வகைக் கணினிக்கு எந்த விடைத்தாள் என்று குறிக்கும் கோப்பொன்றையும் அக்குழு நெடுங்காலம் பேணிவந்தது. மிதவைப்புள்ளி வகைகள் ‘வழக்கமாக’ 754 தரத்தைப் பின்பற்றுபவை என்று பழைய கையேடுகள் சொல்லிவந்தன. பிந்தைய கையேடுகளில் ஆதரிக்கப்படும் எல்லாக் கணினிகளிலும் அப்படியே என்றாயிற்று. அந்த ஒரு வாக்கியத் திருத்தத்தோடு வாக்ஸ் கொள்கையளவில் வெளியேறிவிட்டது எனலாம்.

எண்களின் இந்த வேற்றுமை வட்டில் எழுதிய தரவையும் பாதிக்கிறது. போஸ்ட்கிரெஸ் தன் தரவுக் கோப்புகளைப் பொது வடிவம் எதற்கும் மாற்றாமல், அந்தக் கணினியின் நினைவகத்தில் இருக்கும் கோலத்திலேயே வட்டில் எழுதுகிறது. பைட்டுகளின் வரிசை, எண்கள் தொடங்கவேண்டிய எல்லைகள், மிதவைப்புள்ளியின் வடிவம் ஆகிய எல்லாமே கணினிக்குக் கணினி மாறும். தவறான கணினியில் தவறான கோப்பைத் திறந்து தரவைப் பாழாக்காதிருக்க, தரவுத்தளத்தின் கட்டுப்பாட்டுக் கோப்பில் 1234567.0 என்ற எண் மிதவைப்புள்ளி வடிவில் எழுதப்பட்டிருக்கிறது. வழங்கி நிரல் எழும்பும்போது அதைப் படித்துப் பார்த்து, அதே எண்ணாக வந்தால்தான் மேலே செல்லும். வாக்ஸில் எழுதிய கோப்பை இக்காலத்து மடிக்கணினியில் திறந்தால் அந்தப் பிட்டுகள் வேறோர் எண்ணாகவே படியும். ஆகவே வாக்ஸிலிருந்து தரவை வெளியே எடுக்க ஒரே வழி, உயிரோடு ஓடும் வழங்கியைக் கொண்டு எல்லாவற்றையும் எஸ்கியூஎல் உரையாக இறக்கிக்கொள்வதுதான்; கணினி ஓடாவிட்டால் வட்டு கையில் இருந்தும் பயன் குறைவு.

ஓடும் கணினியோ நாளுக்கு நாள் அருகிவந்தது. மின்வழங்கிகளில் உள்ள மின்தேக்கிகளின் திரவம் கசிந்து பலகையின் தாமிரத் தடங்களை அரிக்கிறது. மைக்ரோவாக்ஸ்களோடு வந்த ஆர்டி53 வகை வட்டுகளில், படிக்கும் முனை சென்று மோதி நிற்கும் ரப்பர் தடை காலப்போக்கில் இளகிப் பிசினாகி, முனையை ஒட்டிப் பிடித்துக்கொள்கிறது. அத்தகைய வட்டின் மூடியைத் திறந்து, ஒட்டிய முனையை விரலால் மெல்ல விடுவித்து, அது மறுபடி சுழலும் சில மணி நேரத்துக்குள் தரவை நகலெடுத்துக்கொள்வது பழங்கணினி ஆர்வலரிடையே அறியப்பட்ட வைத்தியம். இந்த அவதிக்கு மாற்றாக அமைந்தது ‘சிம்ஹெச்’ என்னும் எமுலேட்டர், அதாவது ஒரு கணினியின் நடத்தையைக் கட்டளைக்குக் கட்டளை வேறொரு கணினியில் நடித்துக்காட்டும் மென்பொருள். அதை உருவாக்கிய பாப் சப்னிக், டெக் நிறுவனத்தில் மைக்ரோவாக்ஸ் சில்லு உருவானபோது அதில் முன்னின்று உழைத்தவர். தம் கையால் செய்த இயந்திரத்தைத் தாமே மென்பொருளாக மறுபடி செய்தவர் என்று அவரைச் சொல்லலாம். சிம்ஹெச் வாக்ஸின் எண்கணிதத்தையும் அதன் குறைகளோடு அப்படியே நடிப்பதால், போஸ்ட்கிரெஸ் வாக்ஸில் தடுமாறும் இடங்களிலெல்லாம் அதிலும் தடுமாறவே செய்யும்.

தொகுப்பியும் தானாக நிலைத்து நிற்பதன்று. வாக்ஸில் ஓடும் திறமூல மென்பொருள் அனைத்தும் ஜிஎன்யூ தொகுப்பியை நம்பியிருக்க, அத்தொகுப்பியின் உள்ளமைப்பு மாறும்போதெல்லாம் ஒவ்வொரு செயலிக்கான பகுதியையும் யாராவது திருத்தியாக வேண்டியிருந்தது. ஒப்பீட்டின் விளைவைச் செயலி எங்கே குறித்துவைக்கிறது என்பதைக் கையாளும் பழைய முறையை நீக்கிவிட அதன் பராமரிப்பாளர்கள் முடிவு செய்தபோது, புது முறைக்கு மாறாத செயலிகள் வெளியேற நேரும் என்ற நிலை உண்டாயிற்று. வாக்ஸ் பகுதி 2020 இறுதியில் திருத்தி முடிக்கப்பட்டு, 2021-இல் வந்த 11-ஆம் பதிப்பில் தப்பியது. மற்றொரு பக்கம், நெட்பிஎஸ்டியின் உடன்பிறப்பான ஓப்பன்பிஎஸ்டி 2016-இல் வெளியான 5.9 பதிப்போடு வாக்ஸைக் கைவிட்டது.

இவ்வளவு சங்கிலிகளும் அறாமல் இருந்தாலும், போஸ்ட்கிரெஸ் ஒரு கணினியை ஆதரிக்கிறது என்று சொல்லும் உரிமை எங்கிருந்து வருகிறது என்பது தனிக் கேள்வி. நிரலில் அக்கணினிக்கான வரிகள் இருப்பது மட்டும் போதாது. ஓட்டிப் பார்த்தேன், ஓடியது என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். 2001-இல் வெளிவந்த 7.1 போன்ற பழைய பதிப்புகளின் கையேட்டில், எந்த இயங்குதளத்தில், எந்தச் செயலியில், எந்த நாளில், யார் சோதித்துச் சொன்னார் என்ற அட்டவணை ஒன்று அச்சாகி வந்தது; நெட்பிஎஸ்டி ஓடும் வாக்ஸும் அதில் ஒரு வரியைப் பெற்றிருந்தது. கோயில் கல்வெட்டில் கொடையாளர் பெயர் நிற்பதுபோல, சாட்சி சொன்னவரின் பெயரோடு நின்ற அந்த அட்டவணைதான் ஆதரவு என்பதன் உண்மையான உருவம். ஆனால் ஒவ்வொரு பதிப்புக்கும் ஆட்களைத் தேடிக் கேட்பது பெருகிவந்த மாற்றங்களுக்கு ஈடுகொடுக்கவில்லை. 2004-இல் ஆண்ட்ரூ டன்ஸ்டன் தொடங்கிய ‘பில்ட் ஃபார்ம்’ என்னும் ஏற்பாட்டில், தன்னார்வலர்களின் கணினிகள் புதிய மூல நிரலைத் தாமாகவே எடுத்துத் தொகுத்து, சோதித்து, முடிவை ஒரு பொது இடத்துக்கு அனுப்பின. பண்ணை என்று பெயரிட்டதால் அதிலுள்ள கணினிகளுக்கெல்லாம் விலங்குகளின் பெயர்களே சூட்டப்பட்டன. போஸ்ட்கிரெஸின் மூத்த நிரலாளரான டாம் லேன், ஹெச்பி நிறுவனத்தின் பிஏ-ரிஸ்க் செயலியும் ஹெச்பி-யுஎக்ஸ் 10.20 இயங்குதளமும் கொண்ட 1990-களின் கணினி ஒன்றை நெடுங்காலம் அப்பண்ணையில் ஓட்டிவந்தார். அதன் பெயர் ‘கௌர்’, அதாவது நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் காட்டுமாடு.

பண்ணையின் வருகையால் சாட்சியம் நாள்தோறும் கிடைக்கலாயிற்று. அதன் மறுபக்கமாக, பண்ணையில் விலங்கு இல்லாத கணினி மெல்ல மெல்லக் கண்ணுக்குத் தெரியாமல் போனது. 2014-இல் வெளியான 9.4 பதிப்பின் கையேடு வாக்ஸைப் பற்றிச் சொன்னது, அதற்கான நிரல் இருக்கிறது, அண்மையில் சோதிக்கப்பட்டதாகத் தெரியவில்லை என்ற அளவே. அதே ஆண்டில் பிஎஸ்டி ஆர்வலர் சிலர் வாக்ஸில் மறுபடி அதை ஓட்டிப் பார்க்க முயன்றபோது, மேலே சொன்ன எண் சிக்கல்தான் முன்னால் வந்து நின்றது.

வாக்ஸுக்கு முன்னரே அதன் வாரிசான ஆல்ஃபா நீக்கப்பட்டது கவனிக்கத்தக்கது. ஒரு செயலி எழுதியதை மற்றொரு செயலி எந்த வரிசையில் காணும் என்பதில் ஆல்ஃபா அளவுக்குத் தளர்ந்த விதிகளைக் கொண்ட செயலி வேறில்லை. பூட்டே இல்லாமல் நினைவகத்தைப் பகிரும் நுட்பங்களை நிரலாளர்கள் எழுதத் தொடங்கியபோது, ஆல்ஃபாவுக்காக மட்டும் தனித் தடுப்புகளை ஆங்காங்கே வைக்க வேண்டியிருந்தது. வைத்தாலும் சரிபார்க்கக் கணினி இல்லை. 2014-இல் எடுத்த முடிவின்படி, 2016 தொடக்கத்தில் வந்த 9.5 பதிப்பில் அது இல்லை. பழமைதான் நீக்கத்துக்குக் காரணம் என்ற பொது எண்ணத்தை இந்நிகழ்வு பொய்யாக்குகிறது: பிறருக்கு வேலை வைக்காத பழைய இயந்திரம் பத்தாண்டுகள் யார் கண்ணிலும் படாமல் கோப்புக்குள் கிடக்கலாம், புதிய மாற்றம் ஒவ்வொன்றையும் எண்ணிப் பார்க்க வைக்கும் இயந்திரம், வயதில் இளையதானாலும் முதலில் போகும்.

அதன்பின் வரிசையாகப் பலவும் போயின. 2023-இன் 16-ஆம் பதிப்பில் ஹெச்பி-யுஎக்ஸ் இல்லை. அதற்குள் வாக்ஸின் பெயரும் கையேட்டிலிருந்து மறைந்திருந்தது. 2024-இன் 17-ஆம் பதிப்பு ஐபிஎம்மின் ஏஐஎக்ஸ் இயங்குதளத்தை நீக்கியது. அதை இன்றும் விற்றுவரும் நிறுவனத்தின் பொறியாளர்கள் மீண்டும் சேர்ப்பதற்கான திருத்தங்களோடு வந்தனர் என்பதிலிருந்து, பெருநிறுவனமானாலும் ஆளையும் கணினியையும் தந்தால்தான் இடம் என்ற நியதி விளங்கும். 2025-இன் 18-ஆம் பதிப்பு பிஏ-ரிஸ்கையும் விட்டுவிட்டது; பூட்டுக்கான கட்டளை இல்லாத செயலியிலும் இயங்குதளத்தின் உதவியால் மெதுவாகவேனும் ஓட வழிவைத்திருந்த பழைய தெரிவும் அதோடு முடிந்தது. பிரிக்க முடியாத ‘ஒப்பிட்டு மாற்று’ செயல் இனி கட்டாயம். வாக்ஸிடம் இல்லாத கட்டளை அது.

நெட்பிஎஸ்டியின் 10-ஆம் பதிப்பு 2024 மார்ச்சில் வாக்ஸுக்கும் சேர்த்தே வெளிவந்தது. அதில் போஸ்ட்கிரெஸை ஓட்ட விரும்புவோர் பூட்டுக் கோப்பில் அந்த மூன்று கட்டளைகள் இன்னும் இருந்த பழைய பதிப்பொன்றைத்தான் நாட வேண்டும். பெரும்பதிப்பு ஒவ்வொன்றையும் ஐந்தாண்டுகள் மட்டுமே பேணுவது அக்குழுவின் வழக்கம் என்பதால், 9.4 பதிப்புக்கான திருத்தங்கள் 2020 பிப்ரவரியோடு நின்றுவிட்டன. பாதுகாப்புக் குறைகள் வெளிப்பட்டால் ஓட்டுபவரே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். 9.2-க்கு முந்தைய வழங்கிகளிலிருந்து தரவை இறக்கும் திறனை 15-ஆம் பதிப்பின் கருவி விட்டுவிட்டதால், மிகப் பழைய பதிப்பைத் தேர்ந்தவர், தரவை இன்றைய வழங்கிக்குக் கொண்டுவர இடைப்பட்ட பதிப்பு ஒன்றையும் கைவசம் தொகுத்து வைத்திருப்பது நல்லது.